பச்சை லேசர் சுட்டி சில நிமிடங்களிலேயே மங்கிவிடுகிறது: குறை பேட்டரியிலா, கருவியிலா?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, ஜார்ஜ்டவுன்

வணக்கம். பினாங்குத் தீவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். வானம் தெளிந்திருக்கும் மாலைகளில் அறிவியல் கழக மாணவர்களைப் பள்ளித் திடலில் கூட்டி, கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று விண்மீன்களை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டுவது எங்கள் வழக்கம். இதற்கெனப் பச்சை நிற லேசர் சுட்டி ஒன்றை இணையக் கடையில் வாங்கினோம். அது இரண்டு டிரிபிள் ஏ பேட்டரிகளில் இயங்குகிறது. அலைநீளம் 532 நானோமீட்டர் என்றும், திறன் 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்றும் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது.

பொத்தானை முதலில் அழுத்தும்போது கதிர் வானத்தில் நெடுங்கோடாகத் தெரிகிறது. விட்டுவிட்டுப் பயன்படுத்தினாலும் ஐந்து, பத்து நிமிடங்களுக்குள் அது மங்கத் தொடங்கி, பின்வரிசையில் நிற்கும் மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. சிறிது நேரம் அணைத்து வைத்தால் ஓரளவு தெளிகிறது. புதிய பேட்டரிகளைப் போட்டாலும் அடுத்தடுத்த கூட்டங்களில் மீண்டும் அதே நிலைதான். ஆனால் கழற்றிய பேட்டரிகளை வகுப்பறைக் கடிகாரத்தில் போட்டால் அவை மாதக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் மின்சாரம் தீர்ந்துவிட்டதாகவும் சொல்ல முடியவில்லை.

விற்பனையாளரிடம் கேட்டபோது, 5 மில்லிவாட் வெளியிடத்துக்குப் போதாது, 100 அல்லது 200 மில்லிவாட் கருவியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சிறு பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் அவ்வளவு திறனுள்ள கருவியைக் கையில் எடுக்க எனக்கு மனமில்லை. ஒளி மங்குவதற்கு உண்மையான காரணம் என்ன, எந்த வகைப் பேட்டரி இதற்குப் பொருந்தும், திறனைக் கூட்டாமலேயே கதிரைத் தெளிவாகக் காட்ட வழி இருக்கிறதா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மின்னணுச் சோதனைப் பணியாளர், பாயான் லெப்பாஸ்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இங்குள்ள தொழிற்பேட்டையில் மின்னணுச் சாதனங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஓய்வு கொடுத்தால் ஒளி தெளிகிறது என்றும், கழற்றிய பேட்டரி கடிகாரத்தில் ஓடுகிறது என்றும் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறிப்புகளுமே மிகவும் பயனுள்ளவை. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கருவியின் திறன் போதவில்லை என்ற முடிவுக்கு வர இடமே இல்லை.

முதலில் கருவிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். 532 நானோமீட்டர் சுட்டிகளில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. மின்சாரத்தை ஒளியாக்கும் டயோடு என்ற சிறு உறுப்பு 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. நியோடிமியம் கலந்த வனேடேட் படிகம் அதை உறிஞ்சி, 1064 நானோமீட்டர் லேசர் ஒளியாக வெளிவிடுகிறது. இதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான். அதன்பின் கேடிபி என்ற மற்றொரு படிகம் அந்த ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி, அலைநீளத்தைச் சரிபாதியாகக் குறைத்துப் பச்சையாக்குகிறது. ஒவ்வொரு படியிலும் பெரும் இழப்பு ஏற்படுகிறது. இத்தகைய சுட்டி 3 வோல்ட்டில் ஏறத்தாழ 250 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும் என்று கொண்டால், உள்ளே செல்வது 750 மில்லிவாட். பச்சை ஒளியாக வெளியே வருவது 5 மில்லிவாட். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி அந்தச் சிறிய குழலுக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது.

இரட்டிப்பு நடைபெறும் கடைசிப் படிதான் நம் சிக்கலுக்கு நெருக்கமானது. அங்கே கிடைக்கும் பச்சை ஒளி, உள்ளே வரும் 1064 நானோமீட்டர் ஒளியின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆகவே அகச்சிவப்பு பாதியாகக் குறைந்தால் பச்சை பாதியாகக் குறைவதில்லை, காற்பங்காகிவிடுகிறது. போதாக்குறைக்கு, லேசர் டயோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க மின்னோட்டம் உண்டு. மின்னோட்டம் அந்த அளவைத் தாண்டினால்தான் லேசர் ஒளியே பிறக்கும். எனவே பேட்டரியின் மின்னழுத்தத்தில் ஏற்படும் சிறு சரிவு, பச்சை ஒளியில் பெருஞ்சரிவாக வெளிப்படுகிறது. சிவப்புச் சுட்டியில் டயோடே நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருவதாலும், அது சில பத்து மில்லிஆம்பியரிலேயே இயங்கிவிடுவதாலும், அங்கு இதே பேட்டரி பல மடங்கு நேரம் நீடிக்கும்.

இனிப் பேட்டரிக்கு வருகிறேன். அதன் மேல் எழுதியிருக்கும் 1.5 வோல்ட் என்பது சுமை இல்லாதபோது உள்ள அளவு. மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் பேட்டரியின் உள்மின்தடையில் ஒரு பகுதி மின்னழுத்தம் இழக்கப்படும். புதிய அல்கலைன் டிரிபிள் ஏ பேட்டரியில் இந்த உள்மின்தடை சிறியதாக இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த உயரும். இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்து அது ஓர் ஓம் உயர்ந்துவிட்டால், 250 மில்லிஆம்பியரில் கால் வோல்ட் உள்ளேயே போய்விடும். சுவர்க் கடிகாரம் சராசரியாக ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே எடுப்பதால், இந்த இழப்பை அது உணர்வதே இல்லை. தொட்டியில் நீர் நிறைய இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டால், சொட்டு நீர் வேண்டியவருக்குக் குறை தெரியாது, குளிக்க வேண்டியவருக்குத்தான் தெரியும். உங்கள் பேட்டரிகளின் நிலையும் இதுவே. சிறிது நேரம் அணைத்து வைத்தால் தெளிவதற்குக் காரணம், ஓய்வின்போது மின்முனைகளின் அருகே வேதிப்பொருள் மீண்டும் சமநிலைக்கு வருவதுதான்.

தயவுசெய்து பேட்டரியின் உறையை ஒருமுறை பாருங்கள். அதில் 'ஹெவி டியூட்டி' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் துத்தநாக-கார்பன் வகை. இரவுச் சந்தையிலும் மளிகைக் கடைகளிலும் மலிவாகக் கிடைப்பது இவ்வகைதான். கடிகாரத்துக்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் போதுமானது. பச்சை லேசருக்கு உதவாது. அதன் உள்மின்தடை தொடக்கத்திலேயே உயர்ந்திருக்கும். பெயரைக் கண்டு அதை வலிமையானதென்று நினைத்து வாங்குவோர் பலர்.

ஓய்வு கொடுத்தால் தெளிவதற்கு மற்றொரு காரணமும் இருக்கக்கூடும். அது வெப்பம். 808 நானோமீட்டர் டயோடு சூடாகும்போது, ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகர்கிறது. வனேடேட் படிகம் உறிஞ்சும் பட்டையோ குறுகியது. பத்துப் பாகை சூடேறினால் 3 நானோமீட்டர் விலகிவிடும். உறிஞ்சல் குறையும், பச்சையும் குறையும். டயோடின் தொடக்க மின்னோட்டமும் வெப்பத்தோடு சேர்ந்து உயர்கிறது. எனவே காரணம் பேட்டரியா வெப்பமா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய சோதனை இருக்கிறது. கருவி மங்கிய அந்த நொடியிலேயே, ஆறவிடாமல், பேட்டரிகளை மட்டும் கழற்றிவிட்டுப் புதிய அல்கலைன் பேட்டரிகளைப் போடுங்கள். ஒளி உடனே மீண்டால் குறை பேட்டரியில். மீளாவிட்டால் குறை வெப்பத்தில். அப்போது ஒரு முறை அழுத்தினால் பத்து நொடிக்குமேல் எரியவிடாமல், இடையில் ஆறவிடுவதே வழி.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாக அறியலாம். பேட்டரியை வெறுமனே அளந்தால் பயனில்லை. சோர்ந்த பேட்டரியும் சுமையின்றி 1.4 வோல்ட் காட்டும். 4.7 ஓம், 1 வாட் மின்தடை ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு அளந்து பாருங்கள். அப்போது பாயும் மின்னோட்டம் சுமார் 0.3 ஆம்பியர், அதாவது சுட்டி எடுக்கும் அளவுக்கு நெருக்கமானது. 1.3 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி, 1.2-க்குக் கீழே இறங்கினால் அதைக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிடலாம்.

இன்னும் ஒன்று. தீவில் கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுதி. பல சுட்டிகளில் உலோக உடலே மின்கம்பியாகவும் பயன்படுகிறது. பின்மூடியின் மரையிலும் சுருள்வில்லிலும் மெல்லிய ஆக்சைடு படிந்தாலே அரை ஓம் கூடிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் அவ்விடங்களைத் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பின் மூடுங்கள். பேட்டரிகளை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். கசிந்தால் அந்தச் சுருள்வில்தான் முதலில் அரிக்கப்படும்.

பதில் 2: வான்நோக்கு ஆர்வலர், பாலிக் பூலாவ்

மேலே எழுதியவர் பேட்டரியைப் பற்றிச் சொல்லியவை அனைத்தும் சரி. அவர் தொடாத ஒன்றை, நம் ஊரின் தட்பவெப்பத்துக்கே உரிய ஒன்றை, நான் சேர்க்கிறேன். சுட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? குளிரூட்டிய ஆசிரியர் அறையிலிருந்து நேராகத் திடலுக்கு எடுத்து வருகிறீர்கள் என்றால், அதன் முன்வில்லையில் நீர்த்திவலை படிய வாய்ப்பு மிகுதி. இங்கு இரவுக் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. 20 பாகையில் கிடந்த உலோகக் குழல் அந்தக் காற்றில் பட்டதும் மூச்சு பட்ட கண்ணாடி போலாகிவிடும். வில்லையில் படிந்த நீர்ப்படலம் கதிரைச் சிதறடிக்கும். சுவரில் விழும் புள்ளி பெரிதாகி, ஓரம் கலைந்து தெரியும். மங்கும்போது ஒருமுறை சுவரில் அடித்துப் பாருங்கள். புள்ளி கூர்மையாகவே இருந்து வெளிச்சம் மட்டும் குறைந்திருந்தால் மின்சாரம் அல்லது வெப்பம். புள்ளியே விரிந்திருந்தால் ஈரம் அல்லது அழுக்கு. கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே, பேட்டரி இல்லாமல், கருவியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து, பின்வரிசை மாணவர்களுக்குத் தெரியவில்லை என்பதைப் பற்றி. வானத்தில் நாம் பார்ப்பது கதிரையே அன்று. காற்றின் மூலக்கூறுகளும் தூசும் ஈரத்துகள்களும் சிதறவிடும் ஒளியை. கதிரின் அச்சுக்கு மிக அருகில் நின்று, அது செல்லும் திசையிலேயே நோக்குபவருக்குத்தான் அந்தக் கோடு நீளமாகவும் செறிவாகவும் தெரியும். நெடுந்தொலைவுக் கதிர் முழுவதும் அவர் கண்ணுக்குச் சுருங்கி ஒன்றாகச் சேர்கிறது. பக்கவாட்டில் விலகி நிற்பவருக்கு அது மெலிந்து தெரியும். அது காட்டும் விண்மீனும் வேறாகத் தோன்றும். எனவே மாணவர்களை வட்டமாக நிறுத்தாமல், உங்கள் முதுகுப்புறம் நெருக்கமாகத் திரட்டி, ஒரே திசையை நோக்கச் செய்யுங்கள். சிறு குழுக்களாகப் பிரித்துக் காட்டுவது இன்னும் நல்லது. இது திறனைப் பல மடங்கு கூட்டுவதைவிடப் பயன் தரும். இதில் எந்த ஆபத்தும் இல்லை.

திறனைக் கூட்டினால் கண்ணுக்கு எவ்வளவு கூடுதலாகத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒளியை உணர்வதில் நம் கண் நேர்விகிதத்தில் இயங்குவதில்லை. சிறு ஒளிப்புள்ளியின் திறன் நான்கு மடங்கானால் அது ஏறத்தாழ இருமடங்கு வெளிச்சமாகத்தான் படுகிறது. அப்படியானால் 5 மில்லிவாட்டை 20 ஆக்கிப் பெறுவது சிறு ஆதாயம். விழித்திரைக்கு வரும் ஆபத்தோ நான்கு மடங்கு. நிறத்தால் கிடைக்கும் ஆதாயம் இதைவிடப் பெரிது. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண் 555 நானோமீட்டரில் மிகக் கூர்மையாக உணர்கிறது. அதை 1 என்று வைத்தால் 532 நானோமீட்டருக்கு ஏறத்தாழ 0.88, 650 நானோமீட்டர் சிவப்புக்கு 0.11 மட்டுமே. ஒரே திறனில் பச்சை எட்டு மடங்கு வெளிச்சமாகத் தெரிகிறது. மேலும், காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமானது என்பதால், பச்சைக் கதிர் சிவப்பைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலாகச் சிதறுகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், வானத்தில் சிவப்புச் சுட்டி ஏன் பயன்படுவதில்லை என்பது விளங்கும். இருளுக்குப் பழகிய கண்ணின் உச்சம் 507 நானோமீட்டர் பக்கம் நகர்வதால், இரவில் இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது. உங்கள் கருவி ஏற்கெனவே சரியான நிறத்தில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். தீவின் தென்கிழக்கே பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது; விமானங்கள் தாழ்வாக வருவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். 5 மில்லிவாட் பச்சைக் கதிர், ஒரு மில்லிரேடியன் (கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்) விரிவுடையதாக இருந்தாலும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விமானியின் கவனத்தைக்கூடச் சிதறடிக்கப் போதுமானது. பொத்தானை அழுத்தும் முன் வானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதை ஆர்வத்தோடு செய்வார்கள்.

பதில் 3: இயற்பியல் விரிவுரையாளர், கோலாலம்பூர்

முன்னவர்கள் இருவரும் கூறியதில் எனக்கு உடன்பாடே. ஆனால் கருவி சரியான நிறத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. மலிவான 532 நானோமீட்டர் சுட்டியைப் பள்ளியில் பயன்படுத்துவது பற்றியே எனக்குக் கவலை உண்டு. காரணம், முதல் பதிலில் விளக்கப்பட்ட அதே அமைப்புதான்.

உள்ளே 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிகள் பச்சையைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கின்றன. அவற்றைத் தடுக்க முன்பக்கத்தில் ஒரு வடிகட்டி இருக்க வேண்டும். விலையைக் குறைக்க அதை விட்டுவிடும் தயாரிப்புகள் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்பக் கழகம் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் குறிப்பில், பச்சை ஒளி மங்கலாக இருந்த ஒரு சுட்டி ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பை வெளிவிட்டது பதிவாகியிருக்கிறது. அதே கழகத்தினர் பின்னர் 122 சுட்டிகளைச் சோதித்து 2013-இல் அறிவித்த முடிவு: பச்சைச் சுட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும், சிவப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்குப் புறம்பானவை. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

ஆசிரியை அவர்களின் கேள்விக்கு இது எப்படித் தொடர்புடையது என்றால், மங்கிய பச்சைச் சுட்டியை மக்கள் பலவீனமானது, ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணுகிறார்கள். கருவி கீழே விழுந்து படிகங்களின் ஒழுங்கு சற்று விலகினாலோ, வெப்பத்தால் அலைநீளம் நகர்ந்தாலோ, பச்சை குறையும். டயோடு உமிழும் 808 நானோமீட்டர் குறைவதில்லை. அப்போது வடிகட்டி இல்லாவிட்டால் படிகம் உறிஞ்சாத அகச்சிவப்பு முழுவதும் முன்னே செல்லும். கண்ணுக்குத் தெரியும் ஒளி கூசினால் நாம் கால் நொடிக்குள் இமையை மூடிவிடுகிறோம். லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த லேசருக்கு 1 மில்லிவாட் வரம்பு வைக்கப்பட்டதும் இந்த இமைப்பை நம்பித்தான். அகச்சிவப்புக்கு அந்த இமைப்பு நிகழாது. கண்ணின் வில்லை அதையும் விழித்திரையில் குவித்துவிடும். ஆகவே மங்கிய கருவியைச் சோதிக்கிறேன் என்று யாரும் அதன் வாயை நோக்கிக் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது.

அகச்சிவப்புக் கசிவை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். முதலில் கைப்பேசியின் முன்கேமராவைத் தொலைக்காட்சி ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கேமரா அகச்சிவப்பை உணர்கிறது என்று பொருள். பிறகு லேசரைப் பழைய சிடி தகடு ஒன்றின் மேல் விழச்செய்து, அதிலிருந்து பிரிந்து வரும் புள்ளிகளைக் காகிதத்தில் வாங்கி, அந்தக் காகிதத்தைக் கேமராவால் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் திரையில் கூடுதலாகத் தெரிந்தால் கசிவு உறுதி. புள்ளிகள் தெரியாமற்போனால் கசிவே இல்லை என்று மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பல கேமராக்களில் அகச்சிவப்புத் தடுப்பு வலுவாக இருக்கும். மாணவர்கள் இல்லாத அறையில், தகட்டைக் கண்மட்டத்துக்குக் கீழே வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

என் கருத்து இது: அடுத்த கருவி வாங்கும்போது, 515 முதல் 520 நானோமீட்டர் என்று குறிப்பிடப்பட்ட, டயோடிலிருந்தே நேரடியாகப் பச்சை ஒளி தரும் வகையை வாங்குங்கள். அதில் படிகம் இல்லை, அகச்சிவப்புக்கே இடமில்லை. 520 நானோமீட்டருக்குக் கண்ணின் உணர்வு 0.71 அளவே என்பதால் ஒரே திறனில் சற்று மங்கலாகத் தெரியலாம்; இரவில் கண்ணின் உச்சம் நகர்வதால் அந்தக் குறை பெரிதாகப் படாது. இந்த டயோடுக்கு 3 வோல்ட் போதாது, ஆகவே உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஒன்று இருக்கும். அந்தச் சுற்றும் சீரான மின்னோட்டம் தருமாறு அமைந்திருந்தால், பேட்டரி இறங்கி வந்தாலும் ஒளி பெரும்பாலும் ஒரே அளவில் நின்று, முடிவில்தான் விழும். கோலாலம்பூரில் லோயாட் பிளாசாவிலோ ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளிலோ வாங்குவோரும் அலைநீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. மில்லிவாட் எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது தவறான பொருளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவரும்.

வகுப்பறைக்குள் காட்டுவதற்குப் பச்சை தேவையே இல்லை. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு போதும். 650 நானோமீட்டரைவிட 635 நானோமீட்டர் சிவப்பு இரு மடங்கு தெளிவாகத் தெரியும். ஆண் பிள்ளைகளில் நூற்றில் ஓரிருவருக்குச் சிவப்பை உணரும் திறன் குறைவாக இருக்கும். அவர்களுக்கு 650 நானோமீட்டர் புள்ளி தெரியாமலேகூடப் போகலாம். எனவே அலைநீளம் இங்கும் கவனிக்க வேண்டியதே.

கேட்டவரின் பதில்: அறிவியல் ஆசிரியை, ஜார்ஜ்டவுன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்தோம். அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்து வந்த பேட்டரிகள் துத்தநாக-கார்பன் வகைதான். உறையில் நீங்கள் சொன்ன அதே சொற்கள் இருக்கின்றன. கருவி மங்கிய உடனே புதிய அல்கலைன் பேட்டரிகளைப் போட்டபோது ஒளி அப்போதே மீண்டது. ஆயினும் தொடக்கத்தில் இருந்த அளவுக்கு முழுவதுமாக வரவில்லை. சற்று ஆறவிட்ட பிறகுதான் வந்தது. பெற்றோர் ஒருவர் மல்டிமீட்டர் கொண்டுவந்து, சுமையோடு அளந்து காட்டினார். பழைய பேட்டரிகள் 1.05 வோல்ட்டுக்கு இறங்கின. சுமையை எடுத்ததும் 1.42 காட்டின. மாணவர்களுக்கு இதையே ஒரு பாடமாக நடத்திவிட்டோம். சுவரில் புள்ளி கூர்மையாகவே இருந்ததால் ஈரம் காரணமில்லை என்று கொள்கிறேன். சிடி தகட்டுச் சோதனையில் கூடுதலாக ஒரு புள்ளி மங்கலாகத் தெரிந்தது. அது எனக்குக் கவலையளிப்பதால், இந்தக் கருவியை இனிப் பிள்ளைகளிடையே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

520 நானோமீட்டர் கருவி வாங்கப் பள்ளியில் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். அதற்கு மின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரி போடலாமா? இணையக் கடையில் டிரிபிள் ஏ அளவிலேயே 3.7 வோல்ட் பேட்டரி, 10440 என்ற எண்ணுடன் கிடைக்கிறது. அதைப் போட்டால் இன்னும் வெளிச்சமாக எரியும் என்று அங்குள்ள மதிப்புரைகளில் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

பதில் 4: மின்னணுச் சோதனைப் பணியாளர், பாயான் லெப்பாஸ்

உங்கள் அளவீடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒரு பேட்டரிக்கு 1.05 என்றால் இரண்டுக்கும் சேர்த்து 2.1 வோல்ட், அந்த 808 நானோமீட்டர் டயோடுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும் என்பதால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அல்கலைன் போட்ட பின்னும் முழுமையாக மீளாததற்கு வெப்பம் காரணம். ஆக இரண்டுமே சேர்ந்து நடந்திருக்கிறது. கசிவு கண்ட கருவியை ஒதுக்கியது மிகச் சரியான முடிவு.

10440 பேட்டரியைத் தயவுசெய்து போட வேண்டாம். அளவு ஒன்றாக இருந்தாலும் அது லித்தியம்-அயனி. முழு மின்னேற்றத்தில் ஒன்றுக்கு 4.2 வோல்ட், இரண்டு போட்டால் 8.4 வோல்ட். 3 வோல்ட்டுக்கு அமைந்த சுற்றில் அதைச் செலுத்தினால் டயோடு நொடியில் கருகிவிடும்; அல்லது கருகுவதற்கு முன் சிறிது நேரம், அனுமதிக்கப்பட்ட திறனுக்குப் பல மடங்கு மேலே எரியும். இரண்டாவது நிலைதான் அதிகக் கேடானது, ஏனென்றால் கையில் இருப்பது 5 மில்லிவாட் கருவி என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். மின்னேற்றம் செய்ய இயலாத 1.5 வோல்ட் லித்தியம் டிரிபிள் ஏ பேட்டரிகூடப் புதிதாக இருக்கும்போது சுமையின்றி 1.8 வோல்ட் காட்டும். கட்டுப்பாட்டுச் சுற்று சரியில்லாத மலிவுக் கருவியில் அதையும் தவிர்ப்பது நல்லது.

நீங்கள் போட வேண்டியது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை, குறிப்பாகச் சேமிப்பில் மின்னேற்றத்தை விரைவாக இழக்காதது. 1.2 வோல்ட் என்று எழுதியிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். அதன் உள்மின்தடை குறைவு, 0.3 ஆம்பியர் எடுத்தாலும் பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நிற்கும். அல்கலைன் 1.5-இல் தொடங்கிச் சரிந்துகொண்டே வரும். இது தொடக்கத்தில் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் சமமாக நிற்கும், முடிவில் சட்டென்று விழும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுள்ள 520 நானோமீட்டர் கருவிக்கு அந்தத் தாழ்வு பெரும்பாலும் பொருட்டே அன்று. ஆனாலும் வாங்கும் முன், 2.4 வோல்ட்டில் இயங்குமா என்று கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்காது என்றால் நல்ல அல்கலைனே போதும்.

இரண்டு பேட்டரிகளையும் எப்போதும் ஒரே இணையாக வைத்து, சேர்த்தே மின்னேற்றம் செய்யுங்கள். ஒன்று பழையது ஒன்று புதியது என்று கலந்தால், பழையது முன்னரே தீர்ந்து, மற்றொன்று செலுத்தும் மின்னோட்டத்தால் அதன் முனைகள் தலைகீழாகி அது கெட்டுவிடும். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கண்காணிக்கும் மின்னேற்றி, இரண்டையும் ஒன்றாகவே ஏற்றும் மலிவு வகையைவிடச் சற்று விலை கூடுதல். பள்ளிக்கு அதையே பரிந்துரைப்பேன். கருவியைக் காரின் முன்பக்கப் பலகையில் வெயிலில் விட்டு வைக்காதீர்கள். பகலில் மூடிய காருக்குள் ஏறும் சூடு பேட்டரியையும் டயோடையும் ஒருங்கே முதுமையாக்கும். புதிய கருவி கைக்கு வந்ததும், பின்மூடியைத் திறந்து மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து, பேட்டரியின் முனைக்கும் உடலுக்கும் இடையே வைத்து, அது எடுக்கும் மின்னோட்டத்தை ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். பிற்பாடு ஒளி குறைந்ததாகத் தோன்றும்போது அந்த எண்ணோடு ஒப்பிட்டால், குறை எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.